மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை

கிதியோன் ஒரு நாளுக்குத் திட்டம் போட்டுவிட்டால், அன்றைக்குத் தும்முவதற்குக்கூட அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஹைதராபாத் உப்பலில் ஒரு தொழிற்சாலையின் ப்ளானிங் செக்‌ஷனில் காலமெல்லாம் குப்பை கொட்டியவர். எந்த மெஷின் எப்போது சும்மா நிற்கிறது என்று மோப்பம் பிடித்து அதன் தலையில் ஒரு வேலையைக் கட்டுவதுதான் உத்தியோகம். சும்மா நிற்கும் நேரத்துக்கு அங்கே ‘ஐடில் டைம்’ என்று பெயர். அவர் ரிடையர் ஆனதும் தொழிற்சாலை பிழைத்துக்கொண்டது. வீடு மாட்டிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் லோத்குண்டா வீட்டின் சாப்பாட்டு மேசையில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே அவர் மனைவி கனகமணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மகன் ஜோசியா வேலை பார்க்கும் பயணக் கப்பல் திங்கட்கிழமை ஒரே ஒரு பகல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் நிற்கப்போகிறது. அவன் அதில் கேபின் ஸ்டூவர்ட். பயணிகளின் அறையைத் துப்புரவு செய்து படுக்கை விரிக்கிற வேலை. பயணிகள் ஊர் சுற்ற இறங்கியதும் அவனுக்கும் வெளியே போக அனுமதி உண்டு. சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இவர்கள் நாளை செகந்திராபாத்தில் ரயிலேறிப் போய் அவனைப் பார்ப்பதாக ஏற்பாடு.

“இறங்குனதும் நேரா பீச் ரோடு. சப்மரீன் மியூசியம், ரெண்டு மணி நேரம். அப்புறம் அப்படியே கடலோரமா கார்ல ருஷிகொண்டா, பீமிலி. அங்க சாப்பாடு. திரும்பி வர்ற வழியில லைட் ஹவுஸ். என்ன சொல்ற?”

“ஹவ்” என்றாள் கனகமணி. ஹைதராபாத் பேச்சில் ஹவ் என்றால் ஆமாம்.

பிறகு, “கப்பல்லயே கெடக்குற பிள்ளைக்குக் கப்பலைக் காட்டப்போறீங்களா?” என்றாள்.

“அது தண்ணி மேல போறது. இது தண்ணிக்குள்ள போறது. ரெண்டும் ஒண்ணா?”

முன்பெல்லாம் என்றால் இந்தப் பதிலுக்கே அவரை ஒரு வாரம் ஓட்டியிருப்பாள். இப்போது அடுத்த பட்டாணியை எடுத்து உரித்தாள். ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் ஹவ் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேஸ் பதிவு பண்ணட்டுமா, ஹவ். ஃபேனைப் போடட்டுமா, ஹவ். வேண்டாம் என்று நக்கோ சொல்வதற்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும் அல்லவா? அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போன ஆகஸ்டில் மகள் பிளெசி போய்விட்டாள். டெங்கு. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு லேசான காய்ச்சலோடு வந்தவள், அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு இல்லை. ஜோசியாவின் கப்பல் அப்போது நடுக்கடலில் இருந்தது. அக்காவை அடக்கம் செய்ததைச் சித்தப்பா ஒருவர் பிடித்துக் காட்டிய போனில்தான் பார்த்தான். அதுவும் பாதியிலேயே சிக்னல் போய்விட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் வருவான் என்று பார்த்தார்கள். அவன் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டான். ஏன் என்று இவர்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, சர்ச்சுக்குப் போனீங்களா என்று கேட்பான். ஆமாம், ஆமாம், ஆமாம் என்று பதில் போகும்.

கனகமணி அழவில்லை. அடக்கத்தன்றும் இல்லை, பிறகும் இல்லை. “சிஸ்டர் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி பாத்தீங்களா? அதுதான் விசுவாசம்” என்று சபையில் பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதிலேயே விழுந்தது. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. விசுவாசமாவது மண்ணாங்கட்டியாவது. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிற மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கிள்ளிப் பார்த்தாலும் தெரியவில்லை.

அந்த வீட்டில் பிளெசியின் பெயரும் நின்றுபோயிருந்தது. யாரும் கூடாது என்று சொல்லி நிற்கவில்லை. முன்பு வேளாவேளைக்கு கிதியோன் ஜெபிக்கும்போது, “ஜோசியாவையும் பிளெசியையும் உம் கரத்தில் ஒப்படைக்கிறோம்” என்று ஒரு வரி வரும். இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் அவர்கள் சபையில் கிடையாது. அதனால் பிளெசி அந்த வரியிலிருந்து எடுபட்டாள். ஒரு பெயரை மட்டும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையோ என்னவோ, ஜோசியாவும் எடுபட்டான். இப்போது, “எங்கள் வீட்டை ஆசீர்வதியும்” என்பதோடு ஜெபம் முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை கேட்ட பெயர் அப்படியே காணாமல் போனது.

கனகமணிக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பயம்தான். துறைமுக வாசலில் பெற்ற பிள்ளை வந்து எதிரே நிற்கும்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றால்? அப்புறம் வாழ்நாள் முழுக்க இப்படியேதானே? யாரிடம் போய் இதைச் சொல்வது?

அவள் அந்தக் காலண்டர் தாளை எட்டிப் பார்த்தாள். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். ஆளுக்கு ஆள் முதுகைப் பார்த்துக்கொண்டு போகலாம். காரில் முன்பின் தெரியாத டிரைவர் ஒருவர் கூடவே இருப்பார். ஓட்டலில் டிவி அலறும். நாள் முழுக்கத் தேடினாலும் மூன்று பேர் முகம் பார்த்து உட்காருகிற மாதிரி ஓர் இடம் அதில் இல்லை. மனுஷன் மறந்துபோய்ச் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. கோபம்கூட வரவில்லை. அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

“எதுக்குங்க இப்படி நெருக்கி வெச்சிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“கைக்குன்னா? எதுக்குன்னா கேக்குற? ஐடில் டைம் விட்டா பிள்ளைக்கு போரடிக்கும்.”

தாளை போனில் படம் பிடித்து ஜோசியாவுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அவனே வீடியோவில் கூப்பிட்டான். இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கிதியோன் போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்தார்.

“சாப்பிட்டீங்களா மம்மி?”

“ஹவ்.”

“டாடி, ப்ளான் சூப்பர். ஆனா அந்த மியூசியம் மண்டே க்ளோஸ். எங்க பாசஞ்சர் டூர்லயே அத எடுத்துட்டாங்க.”

“யாருப்பா சொன்னா? மியூசியம்னா வெள்ளிக்கிழமைதான் லீவு.”

ஹைதராபாத்தில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். இங்கே சாலர் ஜங் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைத் தாண்டி உலகத்தில் வேறு மியூசியம் உண்டு என்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அதிலும் கிதியோன் அந்த விடுமுறையைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இதே மாதிரி தாளில் கோடு போட்டு, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஒரு வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் பெரிய கேட் சாத்தியிருந்தது. அன்றிலிருந்து மியூசியம் என்றாலே அவருக்கு வெள்ளி ஆகாது.

ஜோசியா ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து போனின் முன்னால் காட்டினான். திங்கள் விடுமுறை. கிதியோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அது மாறவில்லை.

“அப்ப அந்த ரெண்டு மணி நேரம்?” என்றார். அவர் குரலில் இருந்தது ஏமாற்றம் இல்லை, பயம். “ஜூ போலாமா? இல்ல, மலைக்கு ரோப் கார் இருக்குதுல்ல... இரு, பாக்குறேன். சும்மா விடக்கூடாது. ஏதாவது போட்டுரலாம்.” ஸ்கேலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

கனகமணி ஸ்கேல் பிடித்த அந்தக் கையைப் பார்த்தாள்.

“நக்கோ” என்றாள். “அதுல ஒண்ணும் போடாதீங்க.”

“அப்ப அந்த டைம்ல என்ன பண்றது?”

“பிளெசியப் பத்திப் பேசுவோம்.”

சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. வாசலில் காய்கறி வண்டிக்காரன் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனான். போனில் ஜோசியாவின் முகம் நழுவி, கட்டிலின் மேல்தட்டு மட்டும் தெரிந்தது. மகனும் கட் பண்ணவில்லை, இவர்களும் கட் பண்ணவில்லை.

“மம்மி” என்று குரல் மட்டும் வந்தது. “நான் வரலன்னு கோவமா?”

“கோவம் இல்லடா. எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகையும் வரல, கோவமும் வரல. உன்னப் பாத்தாலும் அப்படியே இருந்துருவேனோன்னு பயமா இருக்குது.”

“எனக்கும் மம்மி” என்றான். “அன்னிக்கு சிக்னல் போனதும் ட்யூட்டிக்குப் போய்ட்டேன். சூப்பர்வைசர் லீவு எடுத்துக்கோன்னாரு, நான்தான் வேணாம்னுட்டேன். துண்ட மடிச்சு யானை செஞ்சு பெட்டு மேல வைப்போம்ல? எல்லா ரூம்லயும் செஞ்சு வெச்சேன். ஒண்ணுகூடக் கோணலா இல்ல. நான் என்ன மனுஷன் மம்மி? அதுக்கப்புறம் எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றது?”

கிதியோன் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“டாடி” என்றான் ஜோசியா, இப்போது முகம் திரும்ப வந்திருந்தது, கண் சிவந்திருந்தது. “அன்னிக்கு சாலர் ஜங் மூடியிருந்துச்சுல்ல? அக்கா கேட்டுக்கு வெளியவே நின்னு எனக்கு உள்ள சுத்திக் காட்டுனா. இது ராஜாவோட தொப்பி, இது ராணியோட பல்லு விளக்குற குச்சின்னு. அவளும் உள்ள போனதில்ல. நான் அத்தனையும் நம்பிட்டேன். ஸ்கூல்ல போயி பல்லு குச்சிய ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொன்னேன்.”

கனகமணிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“சப்மரீன் ரோட்டுலருந்தே தெரியுமாம் மம்மி. வெளியவே நின்னு பாத்துக்கலாம்.”

“ஹவ்” என்றாள். இந்த ஹவ் வேறு மாதிரி வந்தது.

போனை வைத்த பிறகு கிதியோன் தாளில் மியூசியத்தை அடித்தார். அந்த இடத்தில் எழுத ஏதாவது அகப்படுமா என்று பார்த்தார். ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார். அவர் சர்வீசிலேயே இல்லாத அதிசயம் அது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். கிதியோன் கண்ணை மூடி ஜெபித்தார். ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம் சொன்னார். “ஜோசியாவை உம் கரத்தில் ஒப்படைக்கிறோம்” என்றார். அங்கே நின்றுவிட்டார். பல வருஷம் ஓடிப் பழகிய வரி, நிறுத்தத் தெரியாமல் தடுமாறியது. கனகமணி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“பிளெசியை எங்களுக்குத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லுங்க” என்றாள். “அதுக்கு எந்த சபையில தடை?”

அவர் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது, ஆனாலும் முழுசாகச் சொல்லி ஆமென் போட்டார்.

கனகமணி சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். முகம் சுருங்கியது. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க இது, ஒரே உப்பு! ரெண்டு தரம் போட்டுட்டேன்போல. வாயில வெக்க முடியல. நீங்க எப்படி இதச் சாப்பிடுறீங்க?”

கிதியோன் தலையை நிமிர்த்தவில்லை. கை சோற்றில் அப்படியே இருந்தது.

“ஆறு மாசமா இப்படித்தான் கனகா இருக்குது” என்றார். “ஒரு நாள் உப்பு இருக்காது, ஒரு நாள் ரெண்டு மடங்கு இருக்கும்.”

“சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ ஹவ்னு சொல்லுவ. அதக் கேக்க முடியல.”

அவள் எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்து அவர் தட்டில் இருந்த ரசத்தில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். உள்ளே மரத்துப்போயிருந்த இடம் வலித்தது.