மருந்தடிக்க இரண்டு கையெழுத்து

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், செல்லியம்மன் நகர் ஏழாம் எண் வீட்டுக் கொல்லையில், வரலாற்றில் முதன்முறையாக ஒரு கத்தரிச்செடி காய்த்திருக்கிறது. காய்களின் மொத்த எண்ணிக்கை ஒன்று. அதைக் காக்கும் பெரும்பொறுப்பு, ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர் தெய்வசிகாமணியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஒப்படைத்தவரும் அவரே.

வீட்டில் தனி ஆளாகிப் பதினொரு மாதம். மூன்று வேளையும் மெஸ். அந்தக் காயை நான்காகக் கீறி எண்ணெய்க் குழம்பு வைத்துவிட்டால் வீடு மறுபடியும் வீடாகிவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

செடியில் ஒரு பச்சைப் புழு இருந்தது. இலைகளை முடித்துவிட்டுக் காயை நோக்கி வந்துகொண்டிருந்தது.

வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டி ஊறப்போட்டு, வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குச் சோப்பும் கரைத்துத் தயாராக வைத்திருந்தார். அனுமதி வாங்குவதுதான் பாக்கி. அனுமதி இல்லாமல் அடித்தால் கரைசல் தெளிப்பானிலிருந்து வெளியே வராது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கொல்லைப் புழு அலுவலகத்தில், நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. பாதியில் ஒரு டீக்கடை வந்தது. குடித்துவிட்டு மேலே நடந்தார்.

கிளார்க் அமலோற்பவம் ஃபாரத்தை நீட்டினார்.

"ரெண்டு கையெழுத்து வேணும் சார். ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு வீட்ல இருக்கற இன்னொருத்தரோடது."

"வேற யாரும் இல்லம்மா."

"அப்ப யாருக்காக சார் காய் வளக்கறீங்க?"

அந்தக் கேள்விக்கு ஃபாரத்தில் கட்டம் இல்லை. அவர் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பக்கத்து வீட்டுப் பாக்கியநாதனைக் கேட்கலாம். ஆனால் பாக்கியநாதன் போன ஆடியிலிருந்து இரும்புக் கேட்டாக இருக்கிறார். அவர் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் கீலுக்கு எண்ணெய் விடுகிறாள். தெய்வசிகாமணி போய் நின்றார். கேட் பாதி திறந்தது. பிறகு யோசித்து மூடிக்கொண்டது. மனிதராக இருந்தபோதும் அப்படித்தான்.

கொல்லைக்கு வந்து செடி முன்னால் குந்தினார். ஃபாரத்தை நீட்டினார்.

"எதுக்கு?" என்றது புழு.

"உன்மேல மருந்தடிக்க."

"வேற யாரும் இல்லியா?"

"இல்ல."

"குடுங்க."

புழு காகிதத்தைக் கடித்துக் கடித்துக் கையெழுத்துப் போட்டது. அழகான கையெழுத்து. ஃபாரத்தையும் புழுவையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் தாழ்வாரம் நடந்தார். டீக்கடையில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றது புழு.

அமலோற்பவம் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இனிஷியல் எங்க?"

புழு ஓர் ஓட்டை சேர்த்துப் போட்டது.

"உங்களுக்கு இவர் என்ன வேணும் சார்?"

தெய்வசிகாமணி புழுவைப் பார்த்தார். "கூட இருக்கறவரு" என்றார்.

அமலோற்பவம் அதையே எழுதி, மூன்று முத்திரை குத்தி, எழுந்து நின்று கை குலுக்கினார். பின்னால் ஐந்து பேர் கைதட்டினார்கள். அதற்கென்றே அவர்களுக்குச் சம்பளம்.

வீட்டுக்கு வந்து புழுவைச் செடியில் விட்டார். தெளிப்பானைத் தோளில் மாட்டினார். குறி பார்த்தார்.

"சாப்டீங்களா?" என்றது புழு.

பதினொரு மாதத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. மெஸ்காரன் கேட்பதில்லை. அங்கே டோக்கன்.

தெளிப்பானைக் கழற்றினார். கரைசலை முருங்கை மரத்தடியில் கொட்டினார். அனுமதிச் சீட்டை நான்காக மடித்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"இரு. குழம்பு வைக்கறேன்."

உள்ளே போய்ப் பெரிய பானையைத் தேடி எடுத்தார். அதில் தூசி இருந்தது. கழுவினார். இரண்டு பேருக்கு அரிசி களைந்து உலையில் போட்டார். புளி ஊற வைத்தார். வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்றால் வரும். கத்தியோடு காய் பறிக்கப் போனார்.

செடியில் காம்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ சாப்டியா?" என்று கேட்டார்.

"எனக்கு ஆச்சு," என்றது புழு.

உள்ளே இரண்டு பேருக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. குழம்பு இல்லை.