தார் அழுத மாதா

இத்தாலியின் கடலோர மோல்ஃபெத்தா ஊரே கோவிலுக்குள் அடைந்து கிடந்தது. பீடத்துக்கு மேலே இருக்கும் மாதா படம் அழுகிறதாம். எர்மினியோ கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தான்.

படத்தை வரைந்தவனே அவன்தான். மனைவி நுன்ஸியாவை எதிரே உட்காரவைத்து அந்த முகத்தை வரைந்தான். மறுவருடமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் முகம் என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான். நேப்பிள்ஸ் ஓவியர்கள் பழுப்பு நிறத்தில் தாரைக் கலப்பார்கள். நிழலெல்லாம் தேன் மாதிரி மின்னும். இந்த மடையனும் கலந்தான். தார் எந்தக் காலத்தில் முழுசாகக் காய்ந்திருக்கிறது? ஆகஸ்ட் வெக்கையில் அது இளகிக் கண்ணோரத்திலிருந்து வழிய, ஊர்க்காரர்கள் அற்புதம் என்று கீழே மெழுகுவர்த்திகளாக ஏற்றித் தள்ள, இப்போது கன்னமே நகர்ந்துகொண்டிருந்தது.

"சாமி, அது கண்ணீர் இல்ல, தாரு! மெழுகுவர்த்தியெல்லாம் அணைக்கச் சொல்லுங்க. மூஞ்சி போறதுக்குள்ள படத்தக் கழட்டிக் குடுங்க, பாத்து இன்னொண்ணு வரைஞ்சுக்கிறேன்," என்று பங்குச் சாமியாரின் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

"வாய மூடுடா. பிஷப்பே கெளம்பி வர்றாரு. நீ அதத் தொட்டா ஊரே சேர்ந்து உன் கைய ஒடிச்சுப்புடும்."

"நம்மூருக்கு ஒரு நல்லது நடந்தா இவனுக்குப் பொறுக்காதே!" என்றாள் ஒரு மீன்காரி. "தாராம்ல தாரு! போய் ஏதாச்சும் படகுக்குப் பூசு, போ!"

கோவிலே சிரித்தது. எர்மினியோ பாய்ந்து நாலைந்து திரிகளை ஊதி அணைத்தான். இரண்டு பேர் அவனைத் தூணோடு சேர்த்து அமுக்கினார்கள். சரி, நின்ற இடத்திலேயே வரைந்துகொள்வோம் என்று ஒரு கையை உருவிப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். புருவம் அதற்குள் இறங்கியிருந்தது. எங்கிருந்து இறங்கியது? கண்ணை மூடிப் பார்த்தான். ஐயோ, பாவி, அவனுக்கு அவள் புருவம் நினைவிலேயே இல்லை.

அப்போது மாமியார் அசுந்தா வந்தாள். கையில் முழங்கை நீள மெழுகுவர்த்தி.

"மாப்ளே, பாத்தீங்களா? என் மக நம்மள நெனச்சு அழுவுறா. ஒரு கனவுலகூட வராதவ, இப்ப வந்துட்டா பாத்தீங்களா!"

தார் என்று சொல்ல வாயெடுத்தான். மகளைப் புதைத்த நாளுக்குப் பிறகு அந்த அம்மாள் இப்போதுதான் சிரிக்கிறாள்.

"எனக்கு எட்டல, மாப்ளே. அவ மொகத்துக்குக் கிட்ட வச்சுடுங்க."

பிடித்திருந்தவர்கள் விட்டார்கள். அவன் வாங்கி, கிட்டவே வைத்தான். சாயங்காலத்துக்குள் உதடும் போய்விட்டது.