அருவிப் படம்

ஆப்பிரிக்காவில் முகம்மது நூகு வைத்திருந்த கடையைக் கலகக்காரர்கள் சூறையாடியது போன கோடையில். தலைநகரைப் பிடித்த கையோடு துறைமுக ஊருக்கும் வந்து, ஆணிப்பெட்டிகூட மிச்சமில்லாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். மனிதர் உடுத்திய துணியோடு விருதுநகர் வந்து சேர்ந்தார். மழை தொடங்கியதும் திரும்பிப் போகிறேன் என்று பெட்டி கட்டுகிறார்.

கொள்ளையடித்தவர்கள்தான் இப்போது அரசாங்கமாம். பள்ளிக்கூடம் திறந்தாச்சாம், பஸ் ஓடுதாம். அவர் போய்த் தொலையட்டும், இங்கே மச்சான் கடையில் மிளகாய் வத்தல் எடைபோட்டுக் குன்றிப்போனது மனைவி குல்சார் பேகத்துக்கும் தெரியும். ஆனால் மகன் சாபிரையும் கூட்டிப் போவதாகச் சொன்னதும் அவள் ஒரேயடியாக மறுத்தாள்.

"புது அரசாங்கமே காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருக்கு. வருசம் பூரா நிலைச்சு இருப்போம்னு நம்பாமலா காலண்டர் அடிப்பாக?" என்று நூகு அவள் வாயை அடைத்துவிட்டார்.

அந்த நாட்டுக்கு வருடாவருடம் சிவகாசியில் காலண்டர் அடித்து வரவழைத்துக் கொடுப்பதும் அவர்தான். நெஞ்சு நிறைய மெடலோடு பழைய அதிபர் அச்சாகி வருவார். மீந்த ஒன்று குல்சாரின் அடுப்படியிலும் தொங்கும். அந்த ஆள் இப்போது எந்த நாட்டில் ஒளிந்திருக்கிறாரோ.

மாதிரி பார்க்க நூகு சிவகாசிக்குக் கிளம்பிய அன்று அவளும் கூடவே பஸ் ஏறினாள். புதுத் தலைவனின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. அச்சாபீஸ் முதலாளி அய்யாதுரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாதிரி அட்டையை நீட்டினார். பச்சை மலை, நடுவில் ஒரு அருவி. இரண்டாயிரத்து ஐந்து என்று கீழே போட்டிருந்தது.

தலைவர் படம் எங்கே என்று கேட்டாள்.

"அவுகளே வேண்டாம்னுட்டாகம்மா. ஆள் படமே போடக்கூடாதாம்" என்றார் அய்யாதுரை.

குல்சார் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

திரும்பும் பஸ் ஆமத்தூரைத் தாண்டியது. அவர்தான் சமாதானமாக ஆரம்பித்தார். "அருவிதான் தோது. நாளைக்கு யாரு வந்தாலும் செவுத்துல இருந்து கழட்ட வேண்டியதில்லே."

"அப்ப இன்னொருத்தன் வருவான்னு உங்களுக்கே தெரியுது."

நூகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தெரிந்தே பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாரே!

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறந்து சாபிரின் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். நூகு பார்த்துக்கொண்டே நின்றார்.

"உங்களை மறிக்க எனக்குத் தெம்பில்லே. பிள்ளையை விடமாட்டேன்" என்றாள்.

"இங்கனயே வத்தல் நிறுத்துச் சாகச் சொல்லுதியா?" என்றார் அவர், மெல்லிய குரலில்.

அவருடைய சட்டைகளை அவள் தொடவில்லை. பெட்டியில் பாதி இடம் காலியாகிக் கிடந்தது. நூகு பையில் வாங்கி வந்திருந்த அருவிப் படத்தை எடுத்து, சாபிரின் சட்டைகள் இருந்த இடத்தில் மடங்காமல் வைத்தார்.