பதினேழாம் புள்ளி

கட்டுரை எழுதுவது ஒரு வேலை என்றால், எழுதியதை ஆய்விதழ் கேட்கிற வடிவத்தில் கொடுப்பது அதைவிடப் பெரிய வேலை. இந்த ஆய்விதழின் விதிமுறைகள் மட்டுமே நாற்பத்திரண்டு பக்கம். ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், மேற்கோள் பட்டியலில் ஆண்டு முன்னால் வருமா பின்னால் வருமா, வரிகளுக்கு எண் எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். வேறு வழியில்லை.

அவள் மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை தருபவள். பக்கவாதம் வந்து படுத்தவர்களை எழுப்பி நடக்கவைப்பதால் நோயாளிகள் அவளை ‘நடை டாக்டர்’ என்பார்கள். உண்மையில் டாக்டர் பட்டத்துக்கு ஆறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகமும் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்துவிட்டது. கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பி, அவர்கள் தரும் ஒப்புகையை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் அம்போ.

ஆய்வு சிக்கலானதல்ல. நோயாளிகள் நாற்பது பேர். இருபது பேருக்கு வழக்கமான பயிற்சி. மற்ற இருபது பேர் ‘டிக் டிக்’ என்று அடிக்கும் ஒரு தாளக் கருவியின் சத்தத்துக்கு அடியெடுத்து வைத்துப் பழகினார்கள். மூன்று மாதம் கழித்து, ஒவ்வொருவரும் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார்கள் என்று வார்டு வராந்தாவில் அளந்தார்கள். டிக் டிக் குழு சராசரியாக அறுபத்திரண்டு மீட்டர் கூடுதலாக நடந்திருந்தது. நல்ல முடிவு. இரண்டு கட்டங்கள் வரைந்து, ஒன்று குட்டை ஒன்று நெட்டை என்று காட்டியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு விதி குறுக்கே வந்தது. கட்டங்கள் கூடாதாம். பங்கேற்ற ஒவ்வொருவரையும் தனித்தனிப் புள்ளியாக, எண்ணோடு காட்ட வேண்டுமாம். அந்த விதியை எழுதினவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நாற்பது புள்ளிகளையும் போட்டாள். எல்லாவற்றுக்கும் உச்சியில், நானூற்றுப் பன்னிரண்டு மீட்டரில், பதினேழாம் எண் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. யார் இந்த மகராசன் என்று பட்டியலைப் பார்த்தாள். தையல்காரர்.

நடையை அளந்த அன்று தையல்காரர் நாற்பது மீட்டர்கூடத் தாண்டவில்லை. பாதியில் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அளந்த அன்று கையால் எழுதிய தாள்கள் வார்டு அலமாரியில், துண்டுகளுக்கு அடியில், அவள் போட்டு மறந்தபடியே கிடந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புதன்கிழமை விடுப்பு. பள்ளி வேன் ஓட்டும் கணவன் காலை டிரிப் முடித்து வந்ததும் அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் தாளைப் படிக்க, அவள் கணினியில் சரிபார்த்தாள்.

“தையல்காரர். நாப்பது.”

“இதுல நானூத்திப் பன்னெண்டு இருக்கு.”

“அது இங்க தபால்காரருக்கு எழுதியிருக்கே. ஆள் ஓட்டமா ஓடியிருப்பாரு போல.”

தபால்காரர் வழக்கமான பயிற்சிக் குழு. நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்கு வேறொருவருடைய மீட்டர் இருந்தது. எல்லாவற்றையும் திருத்திவிட்டு மறுபடி கணக்கைப் போட்டாள். அறுபத்திரண்டு மீட்டர் வித்தியாசம் மூன்று மீட்டராகச் சுருங்கியது.

“மூணு மீட்டர்னா?”

“ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். டிக் டிக்கால ஒரு பிரயோஜனமும் இல்ல.”

“நம்ம ஹால் நீளம்கூட வராது,” என்றான். கொஞ்ச நேரம் தாளை மடித்து மடித்துப் பிரித்தான். “தெரியாத மாதிரியே அனுப்பிட்டா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. பட்டம் வந்துடும்.” சொல்லிவிட்டு அவள் அழுதாள். “அந்த மனுஷன் அழுதப்ப நான்தாங்க தோளைப் பிடிச்சிட்டிருந்தேன். அவரைப் போய் முதல் ஆளா நிறுத்தி வச்சிருக்கேன்.”

எப்படி நடந்தது என்பது அவளுக்குத் தாள்களைப் பார்க்கும்போதே புரிந்துவிட்டது. போன வருடம் பெயரும் மீட்டரும் மட்டும் ஏற்றிய ஃபைலை ஆய்வு வழிகாட்டியிடம் கொடுத்திருந்தாள். அவர் துறைத் தலைவர். ஒழுங்கு விஷயத்தில் விடாக்கண்டர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அளவுகோல்’. பெயர்கள் அகர வரிசையில் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நகர்த்தவா என்று கணினி மரியாதையாகக் கேட்டிருக்கும். வேண்டாம் என்று அழுத்தியிருப்பார். எதிர்க் கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது. பெயர்கள் இடம் மாறின, மீட்டர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அதற்குப் பிறகு அவள் அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் யார் எந்தக் குழு என்று நிரப்பினாள்.

வியாழக்கிழமை காலை அவர் அறைக்குப் போனாள். பழைய புள்ளிப் படத்தை வாங்கினவர் முதலில் பேனாவைத்தான் எடுத்தார்.

“தலைப்புக்கு அப்புறம் ஒரு இடைவெளி கூடுதலா இருக்கு பாரும்மா.”

“சார், பதினேழாம் புள்ளியைப் பாருங்க.”

“உச்சியில இருக்கு. நல்லதுதானே?”

“அது தையல்காரர் சார்.”

“அவரா? அவர் நாப்பது மீட்டர்லயே உக்காந்துட்டாரே...”

வாய் முந்திக்கொண்டது. அன்றைக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்தவரே அவர்தான். பேனாவை மேசைமேல் வைத்தார். அவள் தாள்களையும் திருத்திய கணக்கையும் எடுத்து முன்னால் வைத்தாள். ஒரு தாள் விடாமல் பார்த்தார்.

“நாளைக்குக் கெடு. இந்தத் தாளை யாரும் கேக்கப் போறதில்ல.”

“தெரியும் சார்.”

“பேரை வரிசைப்படுத்தினது யாரு?”

‘ஞாபகமில்லை’ என்று சொல்வதற்கு வீட்டிலிருந்து பாடம் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். அவர் கையெழுத்து இல்லாமல் கட்டுரை நகராது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் பாடம் மறந்துபோயிற்று.

“நீங்கதான் சார்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார், வந்து உட்கார்ந்தார்.

“தலைப்பை மாத்து. முடிவுரையையும் மாத்து. வித்தியாசம் இல்லைன்னு தெளிவா எழுது.”

“கையெழுத்துப் போடுவீங்களா சார்?”

“மேற்கோள் பட்டியல் ஒழுங்கா இருந்தா போடுவேன்.”

வெள்ளிக்கிழமை மதியம்வரை முதுகு நிமிராமல் மாற்றினாள். எண் எண்ணாக, வரி வரியாக, சுருக்கவுரை இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டாமல். நாலு இருபதுக்கு ஒப்புகை மின்னஞ்சல் வந்தது. அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள்; கிடைத்தது என்று அவர்களும் சொன்னார்கள். எதையும் கண்டுபிடிக்காத ஒரு கட்டுரைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். ஒப்புகையைக் காட்ட அவர் அறைக்கு ஏறக்குறைய ஓடினாள்.

அவர் ஒப்புகையைப் பார்த்தார், தலையாட்டினார், திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“உனக்கு முன்னாடி என்கிட்ட பட்டம் வாங்கினவங்க எத்தனை பேரும்மா?”

“பதினொரு பேர் சார்.”

“எல்லாரோட ஃபைலையும் நான்தான் வரிசைப்படுத்திக் குடுத்தேன்.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவர் தன் செல்போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, முதல் மாணவனைக் கூப்பிட்டார். முதுகுவலிக்கு அவன் கண்டுபிடித்த பயிற்சியைத்தான் அவளே தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

“சார்! நீங்களா! எவ்வளவு நாளாச்சு, நல்லா இருக்கீங்களா சார்?” குரலில் அப்படி ஒரு குதூகலம்.

“நல்லா இருக்கேன்பா. உன் ஆய்வுக்கு அளந்தப்போ கையால எழுதின தாளெல்லாம் வச்சிருக்கியா?”

“அதெல்லாம் எங்க சார் இருக்கு!” அவன் சிரித்தான். “ஃபைல்ல ஏத்தின அன்னிக்கே, குப்பை சேக்காதேன்னு பக்கத்துல நின்னு கிழிக்க வச்சது நீங்கதானே?”