உட்கார்ந்து பார்ப்பவர்

அந்த மரச்சாமான் தொழிற்சாலையில் எல்லோரும் நின்றுகொண்டு வேலை பார்ப்பார்கள். நாற்காலியார் ஒருவர்தான் உட்கார்ந்து வேலை பார்ப்பார். சம்பளமே அதற்குத்தான். செய்து முடித்த நாற்காலிகள் வரிசையாகக் கடைசி அறைக்கு வரும். அங்கே தரை கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். நாற்காலியார் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் சாய்வார், பின்னால் சாய்வார், பாரத்தை இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை மாற்றுவார். ஆடினால், எந்தக் கால் நீளமோ அதில் சாக்கட்டியால் ஒரு கோடு. ஆடாவிட்டால், பலகைக்கு அடியில் ஒரு முத்திரை. நாளைக்கு எண்பது நாற்காலி, பதினெட்டு வருஷம். கோடு வாங்கிய தச்சர்கள் தரைதான் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை எந்தத் தொழிற்சாலையில்தான் இல்லை?

நாற்காலியார் என்பது அங்கே வைத்த பட்டப்பெயர். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையைக் கவிழ்த்தது அவர் பெற்ற மகள். ஐந்தாம் வகுப்பில் 'என் அப்பாவின் வேலை' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

"என் அப்பா ஒரு தொழிற்சாலையில் உட்காருகிறார். காலையிலிருந்து மாலைவரை உட்காருகிறார். பிறகு களைத்துப்போய் வீட்டுக்கு வந்து உட்காருகிறார். என் அப்பா கடுமையான உழைப்பாளி."

வகுப்பாசிரியை 'மிக நன்று' என்று போட்டிருந்தார். நாற்காலியாரின் மனைவியும் அதே பள்ளியில்தான் டீச்சர். ஆகவே கட்டுரை ஆசிரியர்கள் அறையில் கைக்குக் கை போய், சத்தமாக வாசிக்கப்பட்டு, ஒருவருக்குத் தேநீர் புரையேறும் அளவுக்குப் புகழ் பெற்றது. டீச்சர் அதை வீட்டில் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். நாற்காலியாரும் சிரித்தார். ஆனால் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதில், பெற்ற பெண்ணின் வாயால் தன் வாழ்க்கையை நாலு வரியில் கேட்பது அவருக்கு வலித்தது.

இந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்து சேர்ந்தான். டீச்சரின் தம்பி. முதலில் மீன்தொட்டி விற்றான், பிறகு இன்ஷூரன்ஸ், இப்போது இரண்டு நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து வாழ்க்கைப் பயிற்சியாளர் ஆகிவிட்டான். கையில் தங்க எழுத்தில் தலைப்புப் போட்ட ஒரு நோட்டு.

"அத்தான், முப்பது நாள், முப்பது கேள்வி. தினமும் காலையில அமைதியான எடத்துல உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்க. முப்பதாவது நாள் ஒங்களுக்கு ஏத்த வேலை எதுன்னு ஒங்களுக்கே தெரிஞ்சிடும்."

"உட்கார்ந்துதான் எழுதணுமா?" என்று நாற்காலியார் கசப்பாகக் கேட்டார்.

அந்த வீட்டில் காலையில் அமைதியான இடம் என்றால் அது குளியலறைதான். நாற்காலியார் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தன்னைத்தானே அறியத் தொடங்கினார். வெளியே தாயும் மகளும் பள்ளிக்கு நேரமாகிறது என்று கதவைத் தட்டுவார்கள். "கொஞ்சம் பொறு, நான் யாருன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

நோட்டை அவர் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். டீச்சரும் மாலையில் அதே மேசையில்தான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவார். நோட்டு என்று ஒன்று கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இருக்காது. 'நீங்கள் யார்?' என்ற முதல் கேள்விக்கு நாற்காலியார் பெயர், முகவரி, இரத்த வகை மூன்றையும் எழுதியிருந்தார். டீச்சர் சிவப்பு மையில் 'கையெழுத்தைத் திருத்திக்கொள்ளவும்' என்று எழுதினார். 'எதைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போவதே தெரிவதில்லை?' என்பதற்கு 'தூங்கும்போது' என்று பதில். அதற்கு அரை மதிப்பெண். டிக் மட்டும் எல்லாமே கோணலாக விழுந்திருக்கும். பதினைந்து வருஷமாக அவர் போடும் டிக்கெல்லாம் கோணல்தான், பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஏழாம் நாள் கேள்வி இது: 'உங்கள் வேலை இல்லாவிட்டால் உலகம் எதை இழக்கும்?'

அன்று கதவு தட்டப்பட்டது, உதைக்கப்பட்டது, மகள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். நாற்காலியார் ஒரு எழுத்துக்கூட எழுதாமல் வெளியே வந்தார். மாலையில் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்த டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நான் வேலைய விடப்போறேன்" என்றார் நாற்காலியார்.

"விட்டுட்டு?"

"யாருக்காவது பிரயோஜனமா ஒண்ணு செய்யணும்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. "சரி, ஒரு மாச நோட்டீஸ்தானே. அதுக்குள்ள வேற வேலை பாத்துக்குங்க. ஆனா ராஜினாமாவ எழுதி எங்கிட்ட காட்டிட்டுக் குடுங்க. பிழையோட போனா எனக்குத்தான் மானக்கேடு" என்றார்.

மறுநாள் காலை, மூன்று பிழை திருத்தப்பட்ட ராஜினாமாக் கடிதத்தோடு நாற்காலியார் மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உட்காரும்படி கையைக் காட்டினார். நாற்காலியார் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாற்காலி டக்கென்று ஆடியது.

பின்பக்கம், இடது கால், குட்டை. நாற்காலி செய்கிற தொழிற்சாலையில், மேனேஜரின் அறையிலேயே, ஆடும் நாற்காலி! நாற்காலியாருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வந்த காரியம் மறந்தது. சட்டென்று எழுந்து, மண்டியிட்டு, கையில் இருந்த காகிதத்தை நான்காக மடித்து, போதாது என்று எட்டாக மடித்து, அந்தக் காலுக்கு அடியில் சொருகினார். உட்கார்ந்து பார்த்தார். முன்னால், பின்னால், இடது, வலது. மலை மாதிரி நின்றது. மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கையில் இருந்த காகிதம் எந்தக் காகிதம் என்பது அவருக்கு நினைவில் இல்லை. நமக்கு இருந்தால் போதும்.

மேனேஜர் போனைக் காதில் வைத்தபடியே திரும்பினார். "என்ன?"

"லெட்டர் சார்..."

"வெச்சிட்டுப் போங்க, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சண்டைக்குத் திரும்பினார். நாற்காலியார் தன் கையைப் பார்த்தார். கை காலியாக இருந்தது. கொடுத்தாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தார்.

அன்றிலிருந்து அவர் காத்திருந்தார். யாராவது வந்து "ஏன் போறீங்க?" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தார். முதல் வாரம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் தச்சர் ஒருவர் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார். நாற்காலியார் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். "சாக்கட்டி ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். நடுவில் வார்னிஷ் கொட்டகையில் இரண்டு பெரிய ஃபேன் புதிதாக மாட்டினார்கள். கேன்டீனில் உடைந்த குழாயைச் சரி செய்தார்கள். குழாய்க்கு இருக்கிற மரியாதைகூடத் தனக்கு இல்லையே என்று நாற்காலியார் வெந்துபோனார்.

மைத்துனன் விடவில்லை. "அத்தான், பேசாம எங்கூட வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் இருக்கு. பத்தே நிமிஷம் பேசிக் காட்டுங்க. நல்லா வந்தா நீங்களும் பயிற்சியாளர்."

வாடகைக் கூடம். பழைய மர நாற்காலிகள் இருபத்தாறு, அவற்றில் இருபத்தாறு பேர். நாற்காலியார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறி, தங்க எழுத்து நோட்டைக் கையில் பிடித்து, "அன்பர்களே, நமக்குள்ளே..." என்று ஆரம்பித்தார். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தார். டக். "நமக்குள்ளே..." என்றார் மறுபடியும். டக். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஒரே நிமிஷம் எந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார்.

அந்த ஒரு நாற்காலியோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரர், "எனக்கும் ஆடுதுங்க" என்றார். அரை மணி நேரத்தில் இருபத்தாறு பேரும் சுவரோரம் நின்றிருந்தார்கள், நாற்காலியார் நாற்காலிகளுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தார். பத்தொன்பது ஆடின. முட்டுக் கொடுக்கக் காகிதம் வேண்டுமே? நோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கிழித்தார், ரொம்பக் குட்டையான கால்களுக்கு இரண்டு பக்கம். 'நீங்கள் யார்?' ஒரு காலுக்கு அடியில் போனது. 'நேரம் போவதே தெரிவதில்லை' பெரியம்மாவின் நாற்காலிக்குப் போனது. ஏழாம் பக்கத்தை மட்டும் கிழிக்கக் கை வரவில்லை, அதைத் தாண்டித் தாண்டிக் கிழித்தார். முடித்து நிமிர்ந்தபோது கூடத்தின் வாடகை நேரம் முடிந்திருந்தது. பெரியம்மா போகும்போது, "நானும் இந்த மாதிரி எத்தனையோ கூட்டம் போயிருக்கேன் தம்பி. இடுப்பு வலிக்காம எந்திரிச்சது இன்னிக்குத்தான்" என்றார்.

மைத்துனன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஒங்களுக்குள்ள பாருங்கன்னு சொன்னா, நாற்காலிக்குக் கீழ பாக்கறீங்களே அத்தான்!"

அந்த வேலையும் போயிற்று. வேறு வேலை கிடைக்காமலே மாதக் கடைசி வந்துவிட்டது. கடைசி நாள் என்று நாற்காலியார் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எண்பது நாற்காலியையும் உட்கார்ந்து பார்த்தார். மாலை ஐந்து மணி. போய் வாங்க என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவருக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும். நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"பதினெட்டு வருஷம் சார்! போறேன்னு எழுதிக் குடுத்து ஒரு மாசமாச்சு. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மேனேஜர் விழித்தார். "போறீங்களா? எங்க? எந்த லெட்டர்?"

மேசை, இழுப்பறை, கோப்புகள், குப்பைக்கூடை எல்லாம் தேடினார்கள். இல்லை. நாற்காலியார் சோர்ந்துபோய் எதிரே இருந்த நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். நாற்காலி ஆடவில்லை. அசையவே இல்லை. அவர் முகம் மெல்ல மாறியது. எழுந்து மண்டியிட்டு, நாற்காலியின் பின்காலைத் தூக்கி, நசுங்கித் தட்டையாகிப்போன காகிதத்தை எடுத்து நீட்டினார்.

மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது. "அடப்பாவி மனுஷா! இது ஒங்க வேலையா?" என்று கத்தினார். "அந்த நாற்காலிய நான் வேணும்னேதானே அப்படி வெச்சிருந்தேன்! குறை சொல்ல வர்றவன் எவனும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல உட்காரக் கூடாதுன்னு. எட்டு வருஷமா நிம்மதியா இருந்தேன். ஒரு மாசமா எவனும் எந்திரிக்கவே மாட்டேங்கறான்! வார்னிஷ்காரர் வந்தார், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மூச்சு விட முடியலைன்னு சொன்னார். முழுசாக் கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கறது? ஃபேன் மாட்டினேன். கேன்டீன் அம்மா வந்து குழாயப் பத்தி மூணு வருஷக் கதையச் சொல்லிட்டுத்தான் போனாங்க. ரெண்டு பேர் உட்கார்ந்து அழுதேபுட்டாங்க. எனக்கு வேற வேலை இல்லையா?"

மூச்சு வாங்கக் காகிதத்தைப் பிரித்தார். அதில் டீச்சர் திருத்திய சுத்தமான தமிழில் இருந்தது: 'என் வேலையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று உணர்வதால்...'

மேனேஜர் அதற்குமேல் படிக்கவில்லை. நாற்காலியார் தரையிலிருந்து எழவும் இல்லை. இரண்டு ஃபேனும் குழாயும் அவர் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன.

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார். "நல்லதாப் போச்சு. இதுல கையெழுத்துப் போட்டு ஒங்கள அனுப்பிடறேன். நாற்காலியும் பழையபடி ஆடும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்று பேனாவை எடுத்தார்.

நாற்காலியார் கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கினார். பழைய மடிப்பிலேயே மடித்தார். எட்டாக. இடது பின்காலைத் தூக்கிச் சொருகினார்.

"இது இங்கயே இருக்கட்டும் சார்."

"அப்ப என் கதி?"

"உட்கார்ந்து கேளுங்க சார்."

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியார் சாப்பாட்டு மேசையில் நோட்டைத் திறந்தார். இரண்டு அட்டைகளும் நடுவில் ஏழாம் பக்கமும்தான் மிச்சம். 'உங்கள் வேலை இல்லாவிட்டால் உலகம் எதை இழக்கும்?' கேள்விக்குக் கீழே எழுதினார்: 'எதையும் இழந்துவிடாது. கொஞ்சம் ஆடும்.'

எழுதி, எதிரே பிள்ளைகளின் நோட்டுகளோடு உட்கார்ந்திருந்த மனைவியிடம் தள்ளினார். டீச்சர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து டிக் போடக் குனிந்தார்.

டக்.

நாற்காலியார் தலையை நிமிர்த்தினார். "எத்தனை நாளா இது ஆடுது?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து" என்றார் டீச்சர். "நீங்கதான் இதுல உட்கார்ந்ததே இல்லையே."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"வெளியில எண்பது நாற்காலி பாத்துட்டு வர்ற மனுஷன்கிட்ட எண்பத்தொண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

நாற்காலியாருக்கு வெட்கமாக இருந்தது. மனைவியை எழுப்பி நிற்க வைத்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார். சத்தம் கேட்டு மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா பண்றீங்க?"

"வேலை பாக்கறேன்."

"உட்காரவே இல்லையே?"

"அது கடைசியில" என்றார் அவர்.

இந்த முறை காகிதம் வைக்கவில்லை. உப்புத்தாள் எடுத்து நீளமான காலை முறைப்படி தேய்த்து, நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்து, நான்கு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்தார். டீச்சர் உட்கார்ந்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். பதினைந்து வருஷத்தில் முதன்முறையாக அது நேராக விழுந்தது.