வளைவுக்கு அந்தப் பக்கம்

எங்கள் தெருவுக்கு வளர்ச்சி வந்துவிட்டதா என்று பார்க்க அதிகாரி வருகிற நாளில்தான் கயிறுக்காரியின் முதல் ஆர்டரும் கிளம்ப வேண்டியிருந்தது.

அதுவரை தெருவில் திரித்த கயிறும் தைத்த பையும் அவள் அக்கா புருஷன் பெயரில்தான் ஆன்லைனில் விற்றன. கிடங்கு அவருடையது, கணக்கு அவருடையது, பாதி லாபமும் அவருடையது. பக்கத்து ஊருக்கு ஒரு பார்சல் அனுப்பிய நாள் முதல் அவருக்கு 'ஏற்றுமதி' என்று பெயர். தெருவின் வருமானம் பத்து மடங்கு ஆகிவிட்டதாக அரசு அறிக்கை சொன்னது. அதில் ஐந்து அவர் மாடியில் டைல்ஸாகக் கிடந்தது.

கயிறுக்காரி தனிக்கணக்கு திறந்தாள். முதல் சரக்கு இன்று ஏறாவிட்டால் கணக்கு முடங்கிவிடும்.

சரக்கு ஏற்ற வந்த வேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அதிகாரியை வரவேற்க ஏற்றுமதி கட்டவைத்த 'வளர்ச்சியே வருக' வளைவு வேன் கூரையைவிட ஒரு சாண் தாழ்வு. ஏற்றுமதியின் கிடங்கு வளைவுக்கு வெளியே. அவள் வீடு உள்ளே.

"மூட்டைய இங்க தூக்கிட்டு வந்துடறேண்ணே."

"பிரயோஜனமில்லக்கா. ஸ்கேன் பண்ற மிஷின் வண்டியில பொருத்தினது. கணக்குல குடுத்த விலாசத்துல, உங்க வாசல்ல நின்னாத்தான் பச்சை காட்டும்," என்றார் டிரைவர். "சீக்கிரம், நான் கிளம்பணும்."

அவள் ஏற்றுமதியிடம் ஓடினாள். "மாமா, வளைவை ஒரு பக்கம் அவுத்துக்கறேன். வண்டி போனதும் நானே கட்டிடறேன்."

"அதிகாரி வர்ற நேரத்துல வளர்ச்சிய அவுக்கறியா? பேசாம என் பேர்லயே போட்டுரு. குடும்பத்துக்குள்ள என்ன இருக்கு?"

"குடும்பத்துக்குள்ளதான் மாமா. பாதி உங்க வயித்துக்குள்ள."

வரவேற்கக் கூடியிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏற்றுமதியின் முகம் சுண்டியது.

"கை வெச்சுப் பாரு. உங்க அக்கா வீட்டு வாசப்படிய நீ மிதிக்க முடியாது."

அதிகாரிக்கான பூங்கொத்தோடு நின்றிருந்த அக்கா தரையைப் பார்த்தாள். தூரத்தில் அதிகாரியின் கார் ஹாரன் கேட்டது. டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டார்.

கயிறுக்காரி வளைவின் கம்பத்தடிக்குப் போனாள். கட்டியிருந்தது அவள் திரித்த கயிறுதான். முடிச்சை உருவினாள். வளர்ச்சி ஒரு பக்கமாகச் சரிந்து சுவரில் சாய்ந்தது. வேன் உள்ளே நுழைந்தது.

காரிலிருந்து இறங்கிய அதிகாரி, இதுதான் திறப்பு விழா என்று நினைத்து உற்சாகமாகக் கை தட்டினார். அவர் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும். ஏற்றுமதியும் தட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தச் சத்தத்திலும் அவள் வாசலில் மிஷின் 'பீப்' என்றது கேட்டது. பச்சை.

அக்கா மட்டும் கை தட்டவில்லை. பூங்கொத்தைத் திண்ணையில் போட்டுவிட்டு, மூட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.