பொடிப்பல் பிளேடு

என் அண்ணன் குறை சொல்லாத பொருள் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். கதவைத் திறந்துவிட்டால் கீல் சரியில்லை என்பான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தம்ளர் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பான். பெரிய தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர். வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். குழாய் அறுக்கும் பேண்ட்சா மெஷின் வாங்குவது என்று முடிவு செய்ததும் நான் ஜட்ஜிடம்தான் போய் நின்றேன். வேறு யாரிடம் போவேன்? சைக்கிள் ஓட்டுவதிலிருந்து வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டது வரை எல்லாம் அவனைக் கேட்டுத்தான்.

கார் நிற்க வேண்டிய கொட்டகையில் என் பட்டறை. எங்களிடம் கார் கிடையாது, அதனால் இடத்துக்குச் சண்டையும் கிடையாது. நடக்கச் சிரமப்படும் குழந்தைகள் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு அலுமினிய வாக்கர் செய்கிறேன். குழாயையும் மூலைக்கட்டையையும் கை ரம்பத்தால் அறுத்து அறுத்து வலது மணிக்கட்டு ஒரு வழியாகிவிட்டது. பல் தேய்க்கக்கூட இடது கைதான். அந்த நேரம் பார்த்து, நடைப்பயிற்சி மையத்து டாக்டரம்மா முப்பது வாக்கர் கேட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, முப்பதும் ஒரே அளவு.

"மாசக் கடைசிக்குள்ள முடிச்சுத் தருவீங்கன்னா வேற யாரையும் கேக்க மாட்டேன்" என்றார். கையால் அறுத்தால் வருஷக் கடைசிக்குள்கூட முடியாது. மெஷின் வந்தால் ஆர்டர் என்னுடையது. இல்லையென்றால் இல்லை. எட்டு வருஷமாக ஒன்றும் இரண்டுமாகச் செய்துகொண்டிருந்தவளுக்கு முதல் பெரிய வேலை.

மூன்று சனிக்கிழமை, மூன்று மெஷின். கடை ஒன்றுதான். அண்ணன் முன்னால் போவான், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசுவான். பிளேடு மாட்டியதும் பையிலிருந்து இரண்டு விரல் கனத்துக்கு ஒரு அலுமினியக் கட்டையை எடுப்பான்.

"குழாயை யார் வேணா வெட்டலாம் பாப்பா. கெட்டிக் கட்டை வெட்டுதான்னு பாக்கணும்."

நாற்பத்திரண்டு வயதிலும் நான் பாப்பாதான்.

முதல் மெஷின் அரைக் கட்டை வரை போய்த் திணறியது. பல் இடுக்கில் எல்லாம் அலுமினியம் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டது. கீச்சென்ற சத்தத்தில் கடைக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வெட்டு நேராக வராமல் ஒரு பக்கம் சாய்ந்து போனது. அண்ணன் கட்டையை என் கையில் கொடுத்தான். சுட்டது.

"பாத்தியா? மரம் அறுக்கிற மெஷின். இது சரிப்படாது, விடும்மா."

இரண்டாவது கொஞ்சம் பெரியது. அதே திணறல். மூன்றாவதன் பிளேடு பாதியில் அறுந்தே போயிற்று. வீடியோக்களில் வெண்ணெய் மாதிரி வெட்டுகிறார்களே என்று கேட்டேன். "அதெல்லாம் வீடியோவுக்கு வெட்டறது" என்றான். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கென்றே நேர்ந்துவிட்ட மாடு நான்.

"பெரிய கம்பெனி மெஷின்தான் வேணும், அது உன் கொட்டகையில நுழையாது. கையையும் கெடுத்துக்காத. இந்த ஆர்டரை விட்டுடேன், பாப்பா" என்றான். எவ்வளவு அக்கறையாகச் சொன்னான் தெரியுமா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

டாக்டரம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான்கு நாள் குமைந்தேன். ஐந்தாம் நாள் காலை, கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தனியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கம்மா. மெஷின் நல்லா ஓடுதா?"

"எந்த மெஷின்?"

"முதல்ல பாத்தீங்களே, அதான். அடுத்த திங்கக்கிழமையே அண்ணன் வந்து எடுத்துட்டுப் போனாரே. உங்களுக்குன்னுல்ல நெனச்சேன்?"

அடுத்த திங்கள் என்றால், இரண்டாவது மெஷினைப் பார்ப்பதற்கு ஐந்து நாள் முன்னால். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவருக்கும் ஏதோ புரிந்தது. குரலை இறக்கினார்.

"எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. மூணு வாட்டியும் பொடிப்பல் பிளேடுதான் போடச் சொன்னாரு. அது மெல்லிசா இருக்கிற இரும்புத் தகட்டுக்கு. மெழுகு தடவட்டான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு. கெட்ட வெட்டைக் காட்டினாத்தான் தங்கச்சிக்கு நல்ல வெட்டு புரியும்னாரு. ஃபிட்டர்காரரு சொல்றாரேன்னு நானும்..."

முதலில் பார்த்தது போலவே இருந்த இன்னொரு மெஷினில் பெரிய பல் பிளேடு மாட்டினார். ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து ஓடுகிற பிளேடில் லேசாகத் தேய்த்தார். கட்டையை நானே தள்ளினேன். போய்க்கொண்டே இருந்தது. அப்பவில்லை, கீச்சிடவில்லை. ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு பிளேடும். இதற்காகவா மூன்று சனிக்கிழமை என்னைக் காதில் பூவோடு நிற்க வைத்தான்?

கடையிலிருந்து அண்ணன் வீடு இரண்டு தெரு. வேலை நாள், காலை பதினொரு மணி. அவன் தொழிற்சாலையில் இருக்க வேண்டிய நேரம். பின்பக்கத்து அறையிலிருந்து மெஷின் சத்தம் தெருவரை கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது.

மேஜை ஓரத்தில் பாதி தேய்ந்த மெழுகுவர்த்தி. சுவரோரம் குழாய்கள் கட்டுக்கட்டாக வெட்டி அடுக்கியிருந்தன. நடுவில் என் வாக்கர். நான் முதன்முதலில் செய்தது. வாயாடி என்று நான் கூப்பிடும் சிறுமிக்காகச் செய்து, அவள் வளர்ந்த பின் என்னிடமே திரும்பி வந்தது. ரப்பர் அடி தேய்ந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று முதல் சனிக்கிழமையன்று அண்ணன்தான் எடுத்துப் போனான்.

என்னைப் பார்த்து மெஷினை நிறுத்தினான். மறைக்க ஒன்றுமில்லை, மறைக்க முடிகிற அளவிலும் இல்லை.

"வேலை போயி நாலு மாசம் ஆச்சு" என்றான்.

மேஜை ஓரத்து மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"டாக்டரம்மாகிட்ட நான்தான் போனேன். உனக்குக் கை முடியலன்னு சொன்னேன். ஆர்டரை எனக்கே குடுத்துட்டாங்க. பொய் இல்லையே, முடியலதானே?"

"எங்கிட்ட சொல்லியிருந்தா பாதி வேலை உனக்குத்தானே அண்ணா? சேந்தே செஞ்சிருக்கலாமே!"

"தங்கச்சிகிட்டப் போய் வேலை கேக்கச் சொல்றியா? சின்னதுலேர்ந்து எங்கிட்ட கேட்டு கேட்டு வளந்தவ நீ. நான் உங்கிட்ட வந்து எப்படி நிப்பேன்?"

கேட்பதற்குக் கூச்சம். ஏமாற்றுவதற்குக் கூச்சமில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் குழாய்க் கட்டுகள் கண்ணில் சரியாகப் பட்டன. கைப்பிடியைத் தாங்கும் குழாய்கள் இரண்டு கட்டாக இருந்தன. ஒரு கட்டு இன்னொன்றைவிட ஒரு விரல் குட்டை.

"இடது பக்கம் ஏன் குறைச்சு வெட்டியிருக்கே?"

"சாம்பிள்ல அப்படித்தானே இருக்கு."

"அது வாயாடிக்காக. அவளுக்கு இடது தோள் இறங்கியிருக்கும். அவளுக்கு மட்டும்தான் அப்படிச் செஞ்சேன். மத்த பிள்ளைங்க இதைப் பிடிச்சு நடந்தா ஒரு பக்கம் சாஞ்சுல்ல போவாங்க!"

அவன் ஸ்கேலை எடுத்தான். வாக்கரின் இடது பக்கத்தை அளந்தான், வலது பக்கத்தை அளந்தான், திரும்பவும் இடது பக்கம். அளவு மாறவா போகிறது? முப்பது இடது குழாயும் வெட்டி முடிந்திருந்தது. தம்ளர் விளிம்பைத் தடவிப் பார்க்கிறவன், இதைப் பார்க்காமல் விட்டிருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

"உன் கண்ணுக்குப் படலையா?"

"பட்டுச்சு. முதல் நாளே பட்டுச்சு." ஸ்கேலைக் கீழே வைத்தான். "உங்கிட்ட கேட்டா விஷயம் தெரிஞ்சிடும். நீ காரணம் இல்லாம ஒரு அளவு வைக்க மாட்டே பாப்பா. உன் அளவு தப்பாதுன்னு நம்பி அப்படியே வெட்டிட்டேன்."

நம்பி. அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவன் பிளேடு மாற்றியது கூட அந்த அளவுக்கு வலிக்கவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றான். இத்தனை வருஷமாக நான் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இது சரிப்படாது, விடு என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் காத்திருப்பது அவன் இல்லை, முப்பது பிள்ளைகள்.

"வலது பக்கத்துக் குழாயையும் அதே அளவுக்குக் குறைச்சிடுங்க" என்றேன். "ஆறு வயசுப் பிள்ளைங்களுக்குச் சரியா இருக்கும். எட்டு வயசுக்காரங்களோடத நான் மெஷின் வாங்கிச் செய்யறேன். டாக்டரம்மாகிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க போகாதீங்க."

பிறந்ததிலிருந்து நான் அவனை நீங்க என்று சொன்னதில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். பாப்பா என்று கூப்பிடப் போவது தெரிந்தது. என் வாக்கரை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தெருமுனை வரைக்கும் சத்தமே இல்லை. முனையில் திரும்பும்போது மெஷின் ஓட ஆரம்பித்தது. நின்று கேட்டேன். எங்கேயும் திணறவில்லை. நன்றாகத்தான் வெட்டியது.